சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன டார்ச்... எதைப் பார்த்து வாங்குவது?

பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய், மேலப்பாளையம் வழியாக பாளையங்கோட்டைப் பக்கம் போகிறது. கார், பிசானம் என இரண்டு பருவத்திலும் இந்தத் தண்ணீரை நம்பி நெல் நடவு நடக்கிறது. முறைத் தண்ணீர் நம் தூக்கத்தைப் பார்த்து வராது. ராத்திரி பதினோரு மணியானாலும், விடியற்காலை மூன்று மணியானாலும் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திறக்கப் போயாக வேண்டும். கிணற்றுப் பாசனக்காரர்களுக்கும் மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் இதே பாடுதான்.

வீட்டில் பெரிய டார்ச் இருக்கும். ஆனால், அது சுவரில் ஆணியில் தொங்கும். அல்லது பேரப்பிள்ளைகள் விளையாடி சார்ஜ் தீர்ந்து கிடக்கும். 'இந்தா இருக்கிற வயல்தானே' என்று வெறுங்கையோடு இறங்கிவிடுகிறோம். எலியைத் தேடி வரப்புக்கு வரும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் நடமாடுவது அந்த நேரத்தில்தான்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பாலானோர் கிராமத்து மக்கள். தமிழக அரசும் 2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. இந்த ஆபத்தைக் குறைக்கும் பொருட்களில் ஒன்று, விரல் நீளம்கூட இல்லாத, சாவிக்கொத்தோடு எப்போதும் இடுப்பில் கிடக்கும் சின்ன டார்ச்.

செல்போன் வெளிச்சம் போதாதா?

அவசரத்துக்குப் போதும், வழக்கமாக்கக் கூடாது. செல்போன் வெளிச்சம் காலடியில் பரவலாக விழுமே தவிர, நான்கு எட்டுக்கு முன்னால் கிடப்பதைத் தெளிவாகக் காட்டாது. சேற்றுக் கையில் வழுக்கி வாய்க்காலில் விழுந்தால் சில ஆயிரம் ரூபாய் போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆபத்து என்றால் 108-ஐ அழைக்க அதே செல்போன்தான் வேண்டும். வெளிச்சத்துக்காக அதன் சார்ஜைத் தீர்த்துவிட்டு நடுவயலில் நிற்கக் கூடாது.

பெட்டியில் இருக்கும் எண்களைப் படிப்பது எப்படி?

தரமான நிறுவனங்கள் எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தர முறைப்படி அளந்து, படக் குறியீடுகளோடு பெட்டியில் அச்சிடுகின்றன. 2009 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறையில் மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, லூமென். டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு இது. வரப்பில் நடக்க 30 முதல் 100 லூமென் போதும். தொழுவத்தில் கன்றைப் பார்க்க, வீட்டில் யாரையும் எழுப்பாமல் நடக்க 5 லூமெனே தாராளம். விரல் அளவு டார்ச்சில் 'பத்தாயிரம் லூமென்' என்று போட்டிருந்தால், அதை அப்படியே கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தூரம். '44 மீட்டர்' என்றால், 44 மீட்டரில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா வெளிச்ச அளவுதான். அதில் வரப்பையும் பாம்பையும் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தத் தூரத்தில் கால் பங்கை மட்டும் கணக்கில் வையுங்கள். அங்கே வெளிச்சம் 16 மடங்கு கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது, எரியும் நேரம். இது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவிகிதமாகக் குறையும் வரை உள்ள நேரம். முழு வெளிச்சத்தோடு அவ்வளவு நேரமும் எரியும் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

செல் போடுவதா, சார்ஜ் ஏற்றுவதா?

சாவிக்கொத்து டார்ச்சில் இரண்டு வகை உண்டு. டி.வி ரிமோட்டில் போடும் சின்ன பென்சில் செல், அதாவது ஏ.ஏ.ஏ செல் ஒன்று போடும் வகை முதலாவது. ஓலைட் நிறுவனத்தின் ஐ3இ இந்த வகைதான்; 90 லூமென் தரும். உள்ளேயே பேட்டரி வைத்து, யு.எஸ்.பி வயரில் சார்ஜ் ஏற்றுவது இரண்டாவது வகை. நைட்கோர் நிறுவனத்தின் டிக்கி இதற்கு உதாரணம். 300 லூமென் வரை தரும்.

300 பெரிதா, 90 பெரிதா என்று மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். டிக்கி போன்ற குட்டி டார்ச்சில் இருப்பது 130 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் அரை வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று வைத்தாலும், 300 லூமெனுக்கு 3 வாட் வேண்டும். ஆக, முழு வெளிச்சம் பத்து நிமிடம்கூடத் தாங்காது. சூடு ஏறாமல் இருக்க, டார்ச்சே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல ஏ.ஏ.ஏ செல்லில் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி இருக்கிறது. தீர்ந்தால் மளிகைக் கடையில் புதுச் செல் வாங்கி உடனே போட்டுக்கொள்ளலாம்.

சார்ஜ் வகையிலும் நன்மை உண்டு. செல் செலவு இல்லை, எடை குறைவு. தினமும் செல்போனோடு சேர்த்துச் சார்ஜ் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால், சில ஆண்டுகளில் உள் பேட்டரி வலுவிழந்தால் பெரும்பாலும் மாற்ற முடியாது.

சாதாரண அல்கலைன் செல்லை மாதக்கணக்கில் அப்படியே விட்டால் கசிந்து டார்ச்சை அரித்துவிடும். அதனால் பருவத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

சேறு, தண்ணீர், சாரம்

ஐ.பி.எக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐ.பி.எக்ஸ்8 அதைவிட மேல். ஐ.பி.எக்ஸ்4 தூறலுக்கு மட்டும்தான். நம் வயலுக்கு ஆகாது. யு.எஸ்.பி ஓட்டையை மூடும் ரப்பர் தளர்ந்துவிட்டால், எந்தத் தரக் குறியீடும் காப்பாற்றாது.

தலையைத் திருகி எரிய வைக்கும் டார்ச், சாரத்தின் மடிப்பில் தானாக எரிந்து செல் தீருவது குறைவு. பொத்தான் வகை வாங்கினால், பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உடல் அலுமினியமாக இருந்தால் போதும். டைட்டானியம், செம்பு என்று கூடுதல் விலை கொடுப்பது அழகுக்குத்தான். ஈரக் கையில் வழுக்காத சொரசொரப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பைக் சாவியோடு நேராகக் கோத்துவிடாதீர்கள். வண்டி ஓடும்போது டார்ச்சும் வண்டியிலேயே மாட்டிக்கொள்ளும். மோட்டார் ரூம் சாவி பூட்டில் இருக்கும்போதுதான் பூட்டைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். அதனால், சட்டென்று கழற்றும் சின்னக் கொக்கி ஒன்றைப் போட்டு மாட்டுங்கள்.

சந்தையிலும் உதவும்

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமை சந்தையில் விடியும் முன்பே ஆட்டு வியாபாரம் களைகட்டிவிடும். பல்லைப் பார்ப்பது, குளம்பைப் பார்ப்பது எல்லாம் அரை இருட்டில்தான். கீழ் இமையை மெல்ல இழுத்து உள்சவ்வைப் பார்த்தால், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால், ஹீமாங்கஸ் எனும் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா வண்ண அட்டை இந்த முறையில்தான் அமைந்தது.

நீலம் பாய்ந்த மலிவு டார்ச்சில் சிவப்பும் வெளிறித் தெரியும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை சி.ஆர்.ஐ என்பார்கள். சூரிய ஒளிக்கு அது 100. டார்ச்சில் 90-க்கு மேல் இருந்தால் நல்லது. அப்படியும் சந்தேகம் இருந்தால், விடிந்தபின் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

எதை வாங்கலாம்?

இரவுப் பாசனத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஏ.ஏ.ஏ செல் போடும், 90 லூமென் அளவு தரும், ஐ.பி.எக்ஸ்8 தரமுள்ள, திருகும் அலுமினிய டார்ச் முதல் தேர்வு. பெரிய, சிறிய என்று இரண்டு அளவு வெளிச்சம் இருந்தால் இன்னும் நல்லது. வீடு, சந்தை, பயணம் என்று போகிறவர்களுக்குச் சார்ஜ் வகை பொருந்தும். காட்டுப்பன்றி விரட்டவும், தூரத்தைப் பார்க்கவும் பெரிய டார்ச்தான் வேண்டும். அதற்குச் சின்ன டார்ச் மாற்று ஆகாது.

வாசகர் சந்தேகங்கள்

ரீசார்ஜ் செய்யும் பென்சில் செல்லை இதில் போடலாமா?

1.2 வோல்ட் நிக்கல் செல் பெரும்பாலான ஏ.ஏ.ஏ டார்ச்சுகளுக்குப் பொருந்தும். அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கடையில் கிடைக்கிறது. டார்ச் நிறுவனம் 'போடலாம்' என்று சொல்லியிருந்தால் மட்டும் அதைப் போடுங்கள். இல்லையென்றால் டார்ச் கருகிவிடும்.

டார்ச் அடித்தால் பாம்பு ஓடிவிடுமா?

ஓடாது. கண்ணாடி விரியன் சுருண்டு அசையாமல் கிடக்கும். வெளிச்சம் நாம் மிதிக்காமல் இருப்பதற்குத்தான். கணுக்காலுக்கு மேல் மூடும் செருப்பு, கையில் ஒரு கம்பு இரண்டும் கூடவே வேண்டும். வெறுந்தரையில் படுக்காதீர்கள், கட்டு விரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போய்விட வேண்டும்.

எந்த டார்ச் வாங்கினாலும், இன்று ராத்திரியே அதை இடுப்புக்கயிற்றிலோ சாவிக்கொத்திலோ மாட்டிவிடுங்கள். மடை திறக்கப் போகும் மகனுக்கும், தொழுவத்துக்குப் போகும் வீட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.