நெட் போனால் பல்பு எரியுமா?

பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளில் செல்போனால் இயங்கும் ஸ்மார்ட் பல்பு விற்கும் நண்பர்கள் கவனத்திற்கு! 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பின்றி சர்வரை நிறுத்தியதும், வாங்கியவர்களின் செல்போன் கட்டளை விளக்குக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரே வைஃபையில் இருக்கும் பல்புக்கும் செல்போனுக்கும் நடுவே வெளியூர் சர்வர் எதற்கு? 2016இல் ஜெர்மனியின் சாஃப்ட்ஷெக் நிறுவனத்தார் டிபி-லிங்க் பிளக்குக்குப் போகும் கட்டளைகளைப் பிடித்து, ஆப்பையும் பிரித்து ஆராய்ந்தனர். 9999ஆம் போர்ட், 171இல் தொடங்கும் மறைகுறி. நம் ஜவுளிக்கடை விலைக்குறி இதைவிடக் கஷ்டம்! கடவுச்சொல்லும் கேட்கவில்லை. அந்நிறுவனத்தின் அக்காலப் பல்புகளும் அதே மொழிதான் பேசின. சர்வர் இல்லாமலே அவற்றை இயக்க இலவச மென்பொருள் வந்தது அப்படித்தான்.

சரக்கு எடுக்குமுன் ஒரு பல்பைப் பொருத்தி, ரவுட்டருக்கு வரும் இணைய ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, செல்போனில் போட்டுப் பார்ப்போம். எரியாவிட்டால் மொத்த வியாபாரியிடம் விளக்கம் கேட்டபிறகே பெட்டியை இறக்குவோம்.