ஏலமும் ஏலமும்: கால்பந்து வீரர் பெயர்வும் ஏலமலையின் தொழிற்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியக் கால்பந்தில் போட்டிப் பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இடைக்காலத்தில், எவரைத் தக்கவைப்பது, எவரை விடுவிப்பது, எவரைப் புதிதாகச் சேர்ப்பது என்பது பற்றி ரசிகர்கள் விரிவாக விவாதிக்கின்றனர். இவ்விவாதங்களில் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்னும் தொடர் மிகுதியாக வழங்கினாலும் அதன் பொருள் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. ஏலம், துண்டு, முன்பணம், கங்காணி ஆகிய தோட்டத் தொழிற்சொற்களின் துணைகொண்டு அக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. போடிநாயக்கனூரும் அதன் மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளும் இதன் களமாகும்.

திறவுச்சொற்கள்: கால்பந்து, வீரர் பெயர்வு, ஒப்பந்தம், துண்டு முறை, ஏலம், போடிநாயக்கனூர்.

1. இரு ஏலங்கள்

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்னும் சொல் இரு பொருள் தரும். ஒன்று விளைபொருள், ஏலாதி என்னும் நூற்பெயரின் முதலில் நிற்பதும் அதுவே. மற்றொன்று போர்த்துகீசிய மொழிவழித் தமிழுக்கு வந்த விற்பனைமுறை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் இவ்வூரில் இரண்டும் நாள்தோறும் ஒன்றாகவே புழங்குகின்றன. காயின் பருமனும் நிறமும் பார்த்து வணிகர் விலை கேட்பர். உரிமையாளருக்கு விலை கட்டுபடியாகாவிடில் அக்குவியல் விற்பனையாகாமல் திரும்பும்.

இச்சொல் விளையாட்டுத் தமிழில் வேரூன்றக் காரணம் கிரிக்கெட்டே. 2008 முதல் நடைபெறும் ஐ.பி.எல். ஏலமே 'தக்கவைப்பு', 'அடிப்படை விலை', 'விலைபோகாத வீரர்' முதலிய தொடர்களை நாளிதழ் நடையில் நிலைபெறச் செய்தது. கால்பந்து ரசிகர் இவற்றை அப்படியே எடுத்தாள்வதில் வியப்பில்லை. இந்தியன் சூப்பர் லீகும் தொடக்கத்தில் ஏறத்தாழ அவ்வழியிலேயே சென்றது. 2014-இல் உள்நாட்டு வீரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தேர்ந்தன. 2015-இல் முன்னணி இந்திய வீரர் பதின்மர் ஏலத்தில் விடப்பட்டனர். சுனில் சேத்ரியை 1.2 கோடி ரூபாய்க்கு மும்பை சிட்டியும், யூஜின்சன் லிங்டோவை 1.05 கோடி ரூபாய்க்குப் புனே சிட்டியும் பெற்றன. 2017-க்குப் பின் இம்மையத் தேர்வுமுறை நடைபெறவில்லை. கழகமும் வீரரும் நேரடியாகப் பேசி ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். விற்பனைமுறை மாறியும் சொற்கள் மாறவில்லை. ஒப்பந்தம் முடிந்து அடுத்த கழகத்தைத் தேடும் வீரரை 'விலைபோகாதவர்' என்று ஒருவர் எழுதும்போது, ஏலக்கூடத்திலிருந்து திரும்பிய குவியலோடு அவரை ஒப்பிடுகிறார். உண்மையில் அவர் அப்போதுதான் எவருடைய சரக்காகவும் இல்லாதிருக்கிறார்.

'ஃப்ரீ ஏஜென்ட்' என்பதைச் 'சுதந்திர முகவர்' எனப் பெயர்ப்பது இதனினும் பெரிய பிழை. கால்பந்தில் முகவர் என்பவர் வீரர் சார்பில் பேரம் பேசுபவர். இத்தொடரிலோ தன் செயலுக்குத் தானே உரிமையுடைய வீரர் சுட்டப்படுகிறார். 'ஒப்பந்தக் கட்டற்ற வீரர்' என்பது பொருந்தும்.

2. துண்டு

இக்கட்டு எத்தகையது என்பதை உணர்த்தும் சொல் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வரலாற்றிலேயே உள்ளது. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டிய கங்காணி, முன்பணம் கொடுத்துத் தொழிலாளரைக் கடனாளியாக்கினார்; அவரே தோட்டத்திற்குக் கடன்பட்டிருந்தார். ஒரு கங்காணி தம் ஆள்களோடு வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், 'இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம்' எனத் தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடன் தீராது, கைமாறும். கூலியாளின் விருப்பம் கணக்கில் வராது. இம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்துக் கால்பந்தில் நடைமுறையிலிருந்த 'தக்கவைப்பு–பெயர்வு' முறையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரின் பதிவு கழகத்தின் கையில் இருந்தது. கழகம் விடுவிக்காதவரை அவர் வேறெங்கும் ஆட முடியாது, ஊதியமும் உறுதியில்லை. நியூகாசில் யுனைடெட் கழகத்திற்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்டம் தொடுத்த வழக்கில், 1963-இல் இம்முறை தொழிலுரிமைக்கு நியாயமற்ற தடை எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் ஒப்பந்தம் முடிந்தவருக்கும் புதிய கழகம் தொகை செலுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் நீடித்தது. பெல்ஜிய வீரர் ழான்-மார்க் போஸ்மனின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 திசம்பர் 15 அன்று அளித்த தீர்ப்பே, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இரண்டும் ஒன்றல்ல. துண்டில் எழுதப்பட்டது தொழிலாளரின் தலையில் ஏற்றப்பட்ட கடன். பெயர்வுத்தொகை இரு கழகங்களுக்கு இடைப்பட்ட கணக்கு. நன்கு ஊதியம் பெறும் ஆட்டக்காரரைக் கூலியாளோடு இணைவைப்பதும் மிகை. எனினும் உழைப்பவரை விடுவிக்க மூன்றாமவர் விலை கொடுக்க வேண்டும் என்னும் அமைப்பு இரண்டிற்கும் பொது.

3. இன்றைய விதிகள்

ஃபிஃபாவின் வீரர் நிலை மற்றும் பெயர்வு விதிகளின்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே எஞ்சியிருக்கும் வீரர் வேறு கழகத்தோடு முன்னொப்பந்தம் செய்துகொள்ளலாம். ஒப்பந்தம் முடிந்தபின் பெயர்வுத்தொகை இல்லை. ஆனால் இளம் வீரருக்குப் பயிற்சியளித்த கழகங்களுக்கு இழப்பீடு உண்டு. 23 வயது நிறைவுறும் ஆண்டின் இறுதி வரை இது பொருந்தும். ரசிகர் விவாதங்களில் பெரும்பாலும் விடுபடுவது இச்செய்தியே. 'இலவசமாகக் கிடைத்த வீரர்' எனப்படுபவருக்கும் கையொப்பத்தொகை, உயர் ஊதியம், முகவர் கட்டணம் ஆகிய வடிவங்களில் செலவு உண்டு.

2016 முதல் சென்னையின் எஃப்.சி.யில் ஆடி அணித்தலைவராகவும் இருந்த அனிருத் தாபா 2023-இல் மோகன் பகானுக்குச் சென்றார். அவ்வாண்டிலேயே, சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் ஒடிசா எஃப்.சி.யிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் பெயர்ந்து, ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பைப் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். 'நம் பிள்ளைகள் நம் அணியில் ஏன் இல்லை' என்னும் தமிழக ரசிகரின் மனக்குறை இத்தகைய பெயர்வுகளாலேயே வலுப்பெறுகிறது. கழகம் கைவிட்டதா, வீரர் விலகினாரா என்ற வழக்கு அதற்குப் பின்னரே எழும்.

போடி வட்டாரத்தில் 'நம் அணி' எது என்பதே எளிய கேள்வியன்று. சென்னை 500 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. கேரள பிளாஸ்டர்ஸ் ஆடும் கொச்சி அதில் பாதித் தொலைவும் இல்லை. மலையேறினால் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இன்னொரு வகைப் பற்றைக் காணலாம். ஆங்கிலேயர் காலத்தில் 1940-களில் தொடங்கிய ஃபின்லே கேடயப் போட்டியில் தோட்டத்திற்கொரு அணி ஆடுகிறது. ஆடுபவர் அத்தோட்டங்களில் பணிபுரிவோர், அவர்களுட் பலர் தமிழர். நிறுவனம் 1983-இல் டாட்டா டீயாகவும் 2005-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸாகவும் மாறியபோதும் அணிகள் தோட்டப்பெயரிலேயே நின்றன. அங்கு அணியைத் தீர்மானிப்பது வேலை. அதற்கு மறுபக்கமும் உண்டு: பணி ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் விட வேண்டும்.

4. கட்டறுதலும் கைவிடப்படுதலும்

2018-இல் சேர்க்கப்பட்ட ஃபிஃபா விதியொன்று, இரண்டு மாத ஊதியம் சட்டத்திற்குப் புறம்பாக நிலுவையில் இருந்தால், 15 நாள் அவகாசத்துடன் எழுத்துவழி அறிவித்து வீரர் தம் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழிசெய்கிறது. இதன் தேவை இந்தியாவில் 2025-இல் வெளிப்பட்டது. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் போட்டியை நடத்திய நிறுவனத்திற்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் திசம்பரில் முடியவிருந்தது; புதுப்பிப்பு உறுதியாகாமையால், சூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் ஊதியத்தையும் முதல்நிலை அணியின் செயல்பாட்டையும் நிறுத்திவைத்தன. எவர் வருவார், எவர் போவார் என விவாதித்திருந்த ரசிகர், அணி இருக்குமா என்று கேட்க வேண்டியதாயிற்று. விதிப்படி கட்டறுத்துக்கொண்டாலும் சேர்வதற்குக் களம் வேண்டும். நாட்டில் முதல்நிலைப் போட்டியே நடவாத மாதங்களில் அவ்வுரிமை தாளிலேயே இருந்தது.

ஏலமலைச் சரிவுகளில் இந்நிலைக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியலில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு போன்ற மலைவழிகளில் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் தினக்கூலிகளுக்கு எந்தத் தோட்டத்தோடும் ஒப்பந்தம் இல்லை; இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம். துண்டு எழுத எவரும் இல்லை. 2020-இல் பொதுமுடக்கத்தால் மாநில எல்லை அடைக்கப்பட்டபோது, அவர்களுக்குக் கூலி தரக் கடமைப்பட்டவரும் எவரும் இல்லை.