கண்ணுக்குப் பின்னால் ஒரு நாவல் பழம்

சித்திரை வெயிலில் தஞ்சாவூர்ச் சாலையோரம் நுங்கு சீவுவதைப் பார்த்திருப்பீர்கள். பனங்காயின் தலையைச் சீவினால் உள்ளே குழிகள்; குழிக்கு ஒரு நுங்கு. நம் கண்ணும் அப்படித்தான், மண்டையோட்டுக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஏழு எலும்புகள் கூடிக் கட்டிய குழி அது. வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகல். சுமார் 30 மில்லி தண்ணீர் பிடிக்கும். கண் உருண்டைக்கு 7 மில்லி இடம் போதும். மீதியில் கண்ணைத் திருப்பும் தசைகள், ரத்தக் குழாய்கள், மெத்தை மாதிரி கொழுப்பு, மூளைக்குச் சேதி கொண்டுபோகும் பார்வை நரம்பு.

அதற்குள் ஒரு கட்டி முளைத்தால்? சுற்றிலும் எலும்புச் சுவர். கட்டி கண்ணை முன்னால் தள்ளும்.

கட்டி என்றதும் பயப்படாதீர்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. பெரியவர்களுக்கு இங்கே அதிகம் வரும் சாதுவான கட்டியின் பெயர் கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா. ரத்தம் தேங்கிய சிறு அறைகள், அவற்றை மூடி ஒரு தோல். பார்த்தால் நாவல் பழமேதான்! வருடக்கணக்கில் மெல்ல வளர்வதால் வீட்டாருக்கே தெரியாது. அதனால் டாக்டர்கள் பழைய கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள். நோயாளியை உட்காரவைத்து, பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு மில்லிமீட்டர் துருத்தல்கூட அங்கிருந்து பிடிபடும்.

கண் முன்னே வந்தால் நரம்பு அறுந்துவிடாதா? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணின் பின்புறத்திலிருந்து குழியின் கடைசிவரை தூரம் சுமார் 18 மில்லிமீட்டர். அங்கே நரம்பின் நீளமோ 25க்கும் மேல். முளையில் கட்டிய கன்றுக்குக் கயிற்றைத் தளர்த்தி விடுவோமே, அதே மாதிரி. ஆனால் கட்டி பெரிதாகி நரம்பை நெருக்கினால் பார்வை மங்கும். அப்போது எடுத்தாக வேண்டும். எப்படி எடுப்பது? முதலில் கொஞ்சம் பழைய கதை.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். கண் நோயாளிகளின் குறிப்புகளையும், அவர்கள் கண்களை வரைந்த படங்களையும் சரஸ்வதி மகால் நூலகம் இன்றும் காத்துவருகிறது. அந்தக் காலத்து டாக்டர் கண்ணின் முன்பக்கத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தார் என்பதற்கு அவை சாட்சி. பின்பக்கம் அவருக்கு இருட்டு. 1888இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் குரோன்லைன், நெற்றிப்பொட்டுப் பக்கத்து எலும்பைத் திறந்து உள்ளே போகும் வழியைச் சொன்னார்.

இன்று ஸ்கேன் கட்டியின் இடத்தைக் காட்டிவிடுகிறது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் கண்குழி நோய்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. கட்டி வெளிப்பக்கம் ஆழத்தில் இருந்தால் குரோன்லைன் சொன்ன அந்த எலும்பில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்வார்கள். இடுக்கியால் பிடித்தால் கட்டி கிழிந்து ரத்தம் கொட்டலாம். அதனால் கடுங்குளிரூட்டிய உலோகக் குச்சியின் முனையால் தொடுவார்கள். ஐஸ் குச்சி நாக்கில் ஒட்டுமே, அதுபோல் கட்டி பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள இழைகளை ஒவ்வொன்றாக விலக்கி, மெல்ல மெல்ல இழுத்தால் முழுசாக வெளியே வந்துவிடும்.

எலும்புத் துண்டு பழைய இடத்துக்கே போகும். கட்டி பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். வீக்கம் வடிந்ததும் டாக்டர் மறுபடி பின்னால் வந்து நின்று, நெற்றிக்கு மேலிருந்து எட்டிப் பார்ப்பார்: இரண்டு கண்ணும் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று.