கூஸ் வாத்து வாங்கும் முன்: எந்த இனம், எத்தனை, ஏன்?

தமிழில் 'வாத்து' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பறவைகளை அடைத்து வைத்திருக்கிறோம். வயலில் கூட்டமாக மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிற குட்டைக் கழுத்து வாத்து ஒன்று. கழுத்தை நீட்டிக்கொண்டு ஆளைத் துரத்துகிற, புல் மேய்கிற பெரிய பறவை இன்னொன்று. இரண்டாவதைப் பண்ணைக்காரர்கள் இப்போது 'கூஸ் வாத்து' என்கிறார்கள். சம்ஸ்கிருதத்தின் ஹம்சம், லத்தீனின் ஆன்செர், ஜெர்மனின் கான்ஸ், ஆங்கிலத்தின் கூஸ் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். காஷ்மீரில் இன்றைக்கும் வீட்டு கூஸுக்கு 'அன்ஸ்' என்று பெயர். இந்தியாவில் பதிவு பெற்ற முதல் கூஸ் இனத்தின் பெயரும் 'காஷ்மீர் அன்ஸ்'தான்.

சரி, பெயர்க்கதை போதும். "வீட்டுக்குப் பின்னாடி பத்து சென்ட் காலியா கிடக்கு, நாலு கூஸ் வாங்கி விடலாமா? எந்த ரகம் நல்லது?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் படித்துச் சேர்த்ததுதான் இந்தக் குறிப்பு.

இரண்டே தாத்தாக்கள்

உலகத்தில் எத்தனை வளர்ப்பு இனங்கள் இருந்தாலும் மூலம் இரண்டே காட்டுப் பறவைகள். ஐரோப்பிய இனங்கள் பெரும்பாலும் கிரேலாக் என்ற சாம்பல் நிறக் காட்டு வாத்திலிருந்து வந்தவை. எம்டன், டூலூஸ், பில்கிரிம், ரோமன், செபாஸ்டபோல் எல்லாம் இந்தப் பக்கம். சீன இனமும் ஆப்பிரிக்கன் என்ற இனமும் மங்கோலியா, வடசீனப் பகுதிகளில் வாழும் ஸ்வான் கூஸிலிருந்து வந்தவை. ஆப்பிரிக்கன் என்று பெயர் இருக்கிறதே தவிர, அதற்கும் ஆப்பிரிக்காவுக்கும் சம்பந்தம் இல்லை.

அடையாளம் சுலபம். அலகு தொடங்குகிற இடத்தில், நெற்றிக்கு முன்னால் ஒரு குமிழ் புடைத்துக்கொண்டு இருந்தால் அது சீன வழி. நெற்றி வழவழவென்று இறங்கினால் ஐரோப்பிய வழி. இரண்டும் கலந்து குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சுகளும் மலடு ஆகாது. அதனால் சந்தையில் கிடைப்பதில் பாதிக் குமிழோடு கலப்புகளும் இருக்கும். குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வருகிற பட்டைத்தலை வாத்தும் இவற்றுக்குச் சொந்தம்தான், ஆனால் இந்த வீட்டு இனங்களின் மூதாதை அது இல்லை.

எடையைப் பார்த்து மயங்காதீர்கள்

இனப் பட்டியலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எடை. எம்டன் தூய வெள்ளை, வேகமாக வளரும், ஆண் 9 கிலோவைத் தாண்டும். டூலூஸில் கண்காட்சிக்கு வளர்க்கிற வகை அதைவிட மந்தமானது. மாட்டுக்கு இருப்பதுபோல அலைதாடி தொங்கும், வயிறு தரையைத் தொடுகிற மாதிரி நடக்கும். சீன கூஸ் இவற்றுக்கு முன்னால் ஒல்லி, ஆண் 5 முதல் 6 கிலோ.

இறைச்சிக்காக என்றால் எடைக்குப் பொருள் உண்டு. வீட்டுக்கு நாலு பறவை என்றால் அந்த எடையே சுமை. கனத்த இனங்களுக்குக் கால் பிரச்சினை அதிகம், நிலத்தில் இணை சேரத் தடுமாறும், ஓரளவு ஆழமான தண்ணீர் இருந்தால்தான் கருவுள்ள முட்டை நன்றாகக் கிடைக்கும். அடைகாக்கும்போது சொந்த எடையாலேயே முட்டையை உடைத்துவிடுவதும் உண்டு. சிமென்ட் தொட்டி வைத்து வளர்க்க நினைப்பவர்களுக்கு இலகுவான இனம்தான் தோது.

முட்டையிலும் சீன இனம் முன்னால் நிற்கிறது. கோழி மாதிரி ஆண்டு முழுக்க இடாது, பருவத்துக்குத்தான் இடும். ஒரு பருவத்துக்கு 40க்கு மேல் எதிர்பார்க்கலாம், நல்ல வம்சாவளியில் இன்னும் அதிகம். டூலூஸ் மாதிரியான கனத்த இனத்தில் 20, 30 வந்தாலே பெரிது. முட்டை ஒன்று சுமார் மூன்று கோழி முட்டை எடை இருக்கும். முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில் கூடுதலாக இடும், ஆகவே முதல் பருவத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

உண்மையான கணக்கு: ஆண் எத்தனை, பெண் எத்தனை?

இனத்தைத் தேர்கிறவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். சின்னக் கூட்டத்தின் நிம்மதி எடையிலோ நிறத்திலோ இல்லை, ஆண்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. இலகுவான இனங்களில் ஓர் ஆணுக்கு நான்கைந்து பெண், கனத்த இனங்களில் இரண்டு மூன்று பெண் என்பது பொதுக்கணக்கு.

ஆனால் கூஸ் குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது கஷ்டம். ஆணும் பெண்ணும் வளர்ந்த பிறகும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பழகியவர்கள் பின்பக்கத் துவாரத்தைப் பிதுக்கிப் பார்த்துச் சொல்வார்கள். தெரியாதவர்கள் செய்தால் குஞ்சுக்குக் காயமாகும்.

கண்ணை மூடிக்கொண்டு நாலு குஞ்சு வாங்கினால் என்ன ஆகும்? ஆண், பெண் வாய்ப்பு சரிபாதி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 16 வகையாக அமையலாம். நீங்கள் விரும்பிய 'ஓர் ஆண், மூன்று பெண்' வருவது அதில் 4, அதாவது நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். இரண்டு அல்லது அதற்கு மேல் ஆண்கள் வருவது 11. கிட்டத்தட்ட 69 சதவீதம்! பெரிய பண்ணையில் மிச்ச ஆண்களை விற்றுவிடுவார்கள். பெயர் வைத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த பறவையை வீட்டில் அப்படிச் செய்ய மனசு வராது. இரண்டு ஆண் இரண்டு பெண் அமைந்தால் ஜோடி ஜோடியாகப் பிரிந்து சமாதானமாகப் போவதும் உண்டு, ஆனால் அதற்கு ஒதுங்க இடம் வேண்டும். மூன்று ஆணும் ஒரு பெண்ணும் என்றால் அந்தப் பெண் பறவையின் பாடு சொல்லி மாளாது.

இந்தச் சிக்கலுக்கு இனமே விடை தருகிறது என்பதுதான் நான் படித்ததில் ரொம்பப் பிடித்த விஷயம். அமெரிக்காவில் உருவான பில்கிரிம் என்ற நடுத்தர இனத்தில் ஆண் வெள்ளை, பெண் சாம்பல். 1939இல் அந்த ஊர்க் கோழியினத் தரப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. குஞ்சு பொரித்த அன்றே ஆண் வெளிர் மஞ்சளாகவும் பெண் பச்சை கலந்த சாம்பலாகவும் இருக்கும். துவாரத்தைப் பிதுக்க வேண்டாம், பார்த்தாலே போதும்.

எப்படி இது நடக்கிறது? மனிதரில் ஆணுக்குத்தான் இரண்டு வேறுபட்ட பால் குரோமோசோம்கள். பறவைகளில் தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. நிறத்தை வெளிறச் செய்கிற ஒரு மரபணு இசட் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்கு அது இரட்டை அளவில் கிடைக்கிறது, பெண்ணுக்கு ஒற்றை அளவு. ஒரே சாயத்தில் ஒரு துணிக்கு ஒரு குவளை தண்ணீரும் இன்னொன்றுக்கு இரண்டு குவளையும் ஊற்றின மாதிரி. தூய எம்டனிலும் இதன் சாயல் உண்டு. குஞ்சுப் பருவத்தில் பெண்ணின் முதுகுத் தூவி கொஞ்சம் கூடுதல் சாம்பலாக இருக்கும், வளர்ந்ததும் இரண்டும் வெள்ளையாகிவிடும். வேறு இனத்தோடு கலந்துவிட்டால் இந்த அடையாளத்தை நம்ப முடியாது.

நம்ம ஊர்ச் சந்தையில் போய் பில்கிரிம் கேட்டால் கிடைக்குமென்று எதிர்பார்க்க முடியாது. இங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் குமிழ் வைத்த சீன வகை. அதற்கும் ஒரு வழி உண்டு. ஒரு நாள் குஞ்சை வாங்காமல் வளர்ந்த பறவையாகப் பார்த்து வாங்குங்கள். சீன வகையில் ஆணின் குமிழ் பெரிது, உடம்பும் கொஞ்சம் உயரம். குரலையும் கேளுங்கள். ஆண் கீச்சென்று உச்சக் குரலில் கத்தும், பெண்ணின் குரல் கனமாக, கரகரவென்று இருக்கும். விலை கூடத்தான், ஆனால் மேலே சொன்ன 69 சதவீதச் சூதாட்டம் இல்லை.

சத்தம்: காவலா, தொல்லையா?

ஸ்காட்லாந்தின் டம்பார்டன் ஊரில் பாலன்டைன்ஸ் விஸ்கிக் கிடங்குக்கு 1959இலிருந்து 2012 வரை சீன கூஸ் கூட்டம்தான் காவல். சீன இனத்தின் தொண்டை அப்படி. இரவில் யார் நடந்தாலும் ஊரைக் கூட்டும்.

தோப்பு வீட்டுக்கு இது வரம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில், பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ முடியாத பெரியவரோ இருந்தால் இதுவே சண்டைக்குக் காரணம். வாங்கிய பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட வாங்கும் முன்னால் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஐரோப்பிய வழி இனங்கள், குறிப்பாக பில்கிரிம், குணத்தில் சாது என்று பெயர் எடுத்தவை.

இன்னொன்று. 'காவல்' என்றால் சத்தம் மட்டும்தான். தெருநாய்க் கூட்டம் உள்ளே வந்தால் கூஸ் ஜெயிக்காது. இரவில் பூட்டுகிற கொட்டகை இல்லாமல் எந்த இனமும் வேண்டாம்.

புல் இருக்கிறதா?

கூஸ் மேய்கிற பறவை. சீன இனத்தைப் பருத்தி, ஸ்ட்ராபெரி வயல்களில் களை மேயவே அமெரிக்காவில் விட்டார்கள். குட்டையான இளம்புல்தான் வேண்டும், முற்றிய கோரையைத் தொடாது. நல்ல புல் உள்ள ஏக்கருக்கு 20 பறவை என்பது தாராளமான கணக்கு. அப்படியானால் பறவைக்கு 5 சென்ட், பத்து சென்ட்டுக்கு இரண்டு. நாலு விட்டால் மண் தெரியும், மிச்சத்துக்குத் தீவனமோ கீரையோ கொண்டுவந்து போட வேண்டும்.

குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நயாசின் என்ற பி வைட்டமின் கூடுதலாகத் தேவை. குறைந்தால் கால் வளையும். ஈஸ்ட் கலந்து கொடுப்பது இதற்காகத்தான். அதற்காகப் புரதத்தைக் கொட்டி வளர்க்கவும் கூடாது. எலும்பு தாங்கும் முன்னே இறகு கனத்து, சிறகு நுனி வெளிப்பக்கம் திருகிக்கொள்ளும்.

இனி எப்படி முடிவெடுப்பது?

பெரிய தோப்பு, முட்டை, களை, காவல் இதெல்லாம் வேண்டும், சத்தம் பரவாயில்லை என்றால் சீன இனம். பண்டிகைக்கு இறைச்சி என்றால் எம்டன். பிள்ளைகள் பக்கத்தில் போகிற மாதிரி அமைதியான பறவை வேண்டும், தூய இனமும் கிடைக்கிறது என்கிற நாட்டில் இருந்தால் பில்கிரிம். செபாஸ்டபோலின் சுருள் இறகு பார்க்க அழகு, ஆனால் மழைநீரை வழியவிடாது. நம்ம வடகிழக்குப் பருவமழைக்கு அது பாவம். மழையில் ஒதுங்கக் கூரை கட்டாயம்.

ஒரே ஒரு குஞ்சு மட்டும் வாங்க வேண்டாம். கொன்ராட் லோரென்ஸ் காட்டியதுபோல, பொரித்ததும் பார்க்கிறவரையே அது தாயாக எண்ணி ஒட்டிக்கொள்ளும். தனியாக வளர்ந்த ஆண், பருவம் வந்ததும் அந்த மனிதரையே போட்டியாளராக நினைத்துத் துரத்துவது உண்டு. குறைந்தது இரண்டு வேண்டும்.

கடைசியாக ஒரு எண்: 20. நன்றாகப் பார்த்துக்கொண்டால் கூஸ் இருபது ஆண்டு வாழும். இன்றைக்கு வாங்குகிற குஞ்சு, இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கிற உங்கள் மகள் வேலைக்குப் போகிற வரைக்கும் கூட வரலாம். எந்த இனம் என்பதை ஒரு வாரம் யோசிப்பது அதிகமில்லை. புல், கொட்டகை, அண்டை வீடு மூன்றையும் பார்த்துவிட்டு, அப்புறம் அலகுக்கு மேல் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள்.