இடுப்பு மூட்டுக்கு உலோகத் தொப்பி: அனுபவமுள்ள மருத்துவரை அடையாளம் காண்பது எப்படி?

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் ஒரு பந்து. முழு மூட்டு மாற்றில் அந்தப் பந்தை, அதாவது தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்குள் உலோகத் தண்டைச் செருகுவார்கள். ஹிப் ரீசர்ஃபேசிங் எனும் அறுவையில் பந்து தங்கிவிடும். தேய்ந்த மேற்பகுதியை மட்டும் செதுக்கி, பல்லுக்குக் கேப் போடுவதுபோல உலோகத் தொப்பியைப் பொருத்துவார்கள். எதிரே உலோகக் கிண்ணம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டெரெக் மக்மின், ரோனன் ட்ரீசி இருவரும் உருவாக்கிய வடிவம் 1997-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2019 ஜனவரியில் இந்த அறுவை செய்துகொண்ட டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே, அதே அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார்.

எலும்பை விட்டுவைப்பதாலேயே இந்த அறுவை கடினமாகிறது. பந்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குறுகிய இடத்தில் கிண்ணத்தைப் பதிக்க வேண்டும். தலையைச் செதுக்குமுன் எலும்புக் கழுத்தின் நடுவே ஒரு வழிகாட்டிக் கம்பி இறங்கும். கம்பி சற்றே சாய்ந்தாலும் செதுக்கும் கருவி கழுத்தைக் கீறிவிடலாம். அடுத்த சில மாதங்களில் அந்த இடத்திலேயே எலும்பு முறியலாம். கிண்ணம் அதிகமாக நிமிர்ந்து நின்றால் விளிம்பு உரசி, கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள திசுக்களைக் கெடுக்கும்.

கை மட்டுமல்ல, கருவியும் முக்கியம். டெப்யூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டுகளை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 4,700 அறுவைகள். பர்மிங்ஹாம் வடிவத்தின் தயாரிப்பாளரும் 2015-இல், பெண்களுக்கும் சிறிய அளவு பந்து தேவைப்படுவோருக்கும் அதைப் பொருத்த வேண்டாம் என்று அறிவித்தார். எனவே எலும்பு வலுவாக உள்ள, சுறுசுறுப்பான, வயது அதிகமாகாத ஆண்களே இதற்குப் பெரிதும் ஏற்றவர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. தகுதியில்லாதவரிடம் "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லத் தயங்காததும் அனுபவத்தின் அடையாளமே.

அப்படிப்பட்ட மருத்துவரை எங்கே தேடுவது? புனேயை எடுத்துக்கொள்வோம். எலும்பு மருத்துவத்துக்குப் பேர்போன ஊர். கே.எச். சஞ்சேத்தி 1965-இல் தொடங்கிய மருத்துவமனை இன்றும் அங்கே இயங்குகிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் முழு மூட்டு மாற்று செய்த கை, ரீசர்ஃபேசிங்கிலும் பழகிய கையாக இருக்கும் என்பதில்லை. ஆகவே மருத்துவமனையின் பெயரோடு நின்றுவிடாமல், மருத்துவரிடமே நேராகக் கேட்க வேண்டும்: இந்த அறுவையை யாரிடம் கற்றார்? இதுவரை எத்தனை செய்தார், இப்போது ஆண்டுக்கு எத்தனை? எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது? உள்ளே போன பிறகு எலும்பு தாங்காது என்று தெரிந்தால் என்ன செய்வார்? எந்த நிறுவனத்தின் மூட்டு? புனே மருத்துவரின் பதிவை மகாராஷ்டிர மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். திருப்தியான பதில் உள்ளூரில் கிடைக்காவிட்டால் பயணம் செய்வதில் தவறில்லை. பர்மிங்ஹாமில் பயின்ற விஜய் போஸ் சென்னையில் இந்த அறுவையைச் செய்யத் தொடங்கியபின், அமெரிக்காவிலிருந்தே நோயாளிகள் தேடி வந்தார்கள்.

அறுவை முடிந்ததும் பொருத்திய உறுப்பின் வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரேயும், ரத்தத்தில் கோபால்ட், குரோமிய அளவும் பார்த்துவர வேண்டும். வலி இல்லை என்பதற்காக இதை நிறுத்தக் கூடாது.