சீடை சொல்லிக் கொடுத்த பாடம்



எனக்கு வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று அளவான குடும்பம். என் பல் கதையைப் படித்தால் உங்களில் ஒருவராவது என்னைப் போல் அவசரப்படாமல் இருப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2016-ம் வருடம் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்தது. வலித்தால் கிராம்பை வைத்து அழுத்திக் கொள்வேன். ரொம்ப வலித்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. இப்படியே மாதக்கணக்கில் ஓட்டி, கன்னம் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். "வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்டா பல்லைக் காப்பாத்திடலாம்மா" என்றார். செலவைக் கேட்டதும் மகளின் ஸ்கூல் ஃபீஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. "வேண்டாம் டாக்டர், பிடுங்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருக்கும் பல்தானே, யாருக்குத் தெரியப் போகிறது? வலியும் போச்சு, பணமும் மிச்சம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

அது மிச்சமில்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது. பல் போன பள்ளத்தை நோக்கிப் பின்னால் இருந்த பல் சாயத் தொடங்கியது. அந்தச் சந்தில் சாப்பாடு மாட்டி அந்தப் பல்லும் சொத்தை. அதைப் பெரிதாக அடைக்க வேண்டி வந்தது. மேலே இருந்த பல்லோ, கடிக்க ஜோடி இல்லாமல் கீழே இறங்கி வந்துவிட்டது. ஏழு வருடமாக வலது பக்கம் மட்டும்தான் மென்றேன்.

2023 கோகுலாஷ்டமிக்கு மாமியார் சீடை செய்தார். வாயில் போட்டு ஒரு கடி. 'டக்'கென்று சத்தம். சீடை உடைந்தது என்று நினைத்தேன். கையில் துப்பிப் பார்த்தால் என் வலது பக்க மேல் கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு!

பக்கத்து வீட்டு அக்கா, "மேல் பல்லைத் தொட்டா கண் பார்வை போயிடும்" என்று பயமுறுத்தினார். நாங்கள் போன ஒரு கிளினிக்கில் வேறு மாதிரி பயமுறுத்தினார்கள். "இது தேறாது. எடுத்துட்டு ரெண்டு பக்கமும் இம்ப்ளான்ட் வச்சிடலாம். 70,000 ரூபாய் ஆகும். இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா குறைச்சுத் தர்றோம்" என்றார்கள்.

மகள் அப்போது பிளஸ் டூ. அடுத்த வருடம் காலேஜ். என் வாய்க்கு 70,000 ரூபாயா? "இதையும் பிடுங்கிட்டு விட்டுடலாங்க" என்றேன் கணவரிடம். அவர் பதில் சொல்லவில்லை. மாமியார்தான் பேசினார்.

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசுல ஆடுற பல்லையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்தாங்க. என்னை யாரும் எதுவும் கேக்கலை. நானும் வேற வழி இருக்கான்னு கேக்கலை. நான் சுடுற சீடையை நானே தின்னு இருபது வருஷமாச்சும்மா. நீ இன்னொரு டாக்டரைப் பார்த்துக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்றவர், சுருக்குப் பையிலிருந்து 2,000 ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். தினமும் ராத்திரி டம்ளர் தண்ணீரில் பல் செட்டைப் போடும் அவரை நான் அதுவரை வேடிக்கையாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம் அதிகம்தான், காத்திருக்கத்தான் வேண்டும். படிக்கும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய டாக்டர் வந்து சரிபார்க்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "மேலேதான் உடைஞ்சிருக்கு, வேர் நல்லா இருக்கு. இதை எடுக்கவே வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. கண் பார்வை பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று விளக்கினார். நாலு முறை போய் வந்ததில் வேர் சிகிச்சை முடிந்து கேப்பும் போட்டாகிவிட்டது.

இடது பக்கப் பள்ளத்துக்கு மூன்று வழி சொன்னார்கள்.

ஒன்று, கழற்றி மாட்டும் பல். செலவு குறைவு. பக்கத்துப் பற்களைத் தேய்க்க வேண்டாம். ஆனால் கடிக்கும் பலம் குறைவு. தூங்கும்போது கழற்றி வைக்க வேண்டும்.

இரண்டு, பிரிட்ஜ். இரண்டு பக்கத்துப் பல்லையும் தேய்த்து, பாலம் மாதிரி மூன்று பல்லைச் சேர்த்து ஒட்டுவார்கள். கழற்ற வேண்டாம், நன்றாக மெல்லலாம். ஆனால் தேய்த்த பல் தேய்த்ததுதான்.

மூன்று, இம்ப்ளான்ட். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து, அது எலும்போடு சேர்ந்த பிறகு மேலே பல் பொருத்துவது. பக்கத்துப் பல்லைத் தொடவே வேண்டாம். ஆனால் செலவு அதிகம், முடிய சில மாதங்கள் ஆகும். எலும்பு போதுமான அளவு இருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

நான் பிரிட்ஜ் போட்டுக் கொண்டேன். காரணம், பின்னால் இருந்த பல் ஏற்கெனவே பெரிதாக அடைத்த பல். அதற்கு எப்படியும் ஒரு கேப் தேவைப்பட்டது. முன்னால் இருந்த நல்ல பல்லைத் தேய்க்கக் கொடுத்ததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டும் நல்ல பல்லாக இருந்திருந்தால், பணம் சேர்த்தாவது இம்ப்ளான்ட்டுக்குத்தான் போயிருப்பேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஆன செலவு, அந்த கிளினிக்கில் கேட்டதில் சின்னப் பங்குதான்.

சகோதரிகளே, டாக்டர் "எடுத்துடலாம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். காப்பாற்ற வழி இருக்கிறதா, எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது, பக்கத்துப் பல்லுக்கு என்ன ஆகும், மொத்தச் செலவு என்ன, இந்த நாலையும் கேளுங்கள். எக்ஸ்ரேயைக் கையில் வாங்கிக் கொள்ளுங்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். அதற்காக வீங்கிய கன்னத்தோடு நாளைக் கடத்தாதீர்கள். அதற்கு உடனே வைத்தியம் வேண்டும். பிரிட்ஜ் போட்டவர்கள் அதன் அடியில் சின்ன பிரஷ் விட்டுத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பல் செட்டைக் கொதிக்கும் நீரில் போடக் கூடாது, வளைந்து போகும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே ஓடுகிறோம். நம் பல்லுக்கு மட்டும் 'அடுத்த மாதம்' என்கிறோம். அந்த அடுத்த மாதம் எனக்கு ஏழு வருடம் ஆனது.

2024 கோகுலாஷ்டமிக்கு நானே சீடை செய்தேன். கேப் போட்ட பல்லால் முழுச் சீடையைக் கடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், எனக்கும் அத்தைக்கும் சேர்த்து உரலில் போட்டு இடித்தேன். அத்தைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பொடியாக. வாயில் போட்டுக் கொண்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். இருபது வருஷத்துக்கு அப்புறம் சீடைக்கு ருசி சொன்னார்!

- ஒரு வாசகி, விழுப்புரம்.