கப்பலில் பிறந்த கணக்கு

1930-ஆம் ஆண்டு ஜூலை 31. பம்பாய்த் துறைமுகத்திலிருந்து 'பில்ஸ்னா' என்ற கப்பல் ஐரோப்பாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் 19 வயது மாணவர் ஒருவர் இருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து முடித்தவர். இந்திய அரசின் உதவித்தொகை பெற்று, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்யப் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

வெளிநாடு சென்று புகழ்பெற்றவர்களைப் பற்றி, 'அங்கே போனதால் சாதித்தார்' என்று சொல்லிவிடுகிறோம். சந்திரசேகர் விஷயத்தில் அது பாதி உண்மையே. மறுபாதி சென்னையில், பாடியிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடக்கூடிய கடற்கரைக் கல்லூரியில் தொடங்கியது.

சோமர்ஃபெல்டு தந்த தாள்கள்

1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அணுவைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் ஏற்கெனவே படித்திருந்தார். நேரில் சென்று பார்த்தபோது, அந்த நூலுக்குப் பிறகு பௌதிகம் அடியோடு மாறிவிட்டது என்றார் சோமர்ஃபெல்டு. அப்போது அச்சிலிருந்த தம் புதிய கட்டுரையின் தாள்களையும் கொடுத்தார். எலெக்ட்ரான்களின் கூட்டத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதை அது விளக்கியது. அந்த முறையைக் கற்றுக்கொண்டு சந்திரசேகர் எழுதிய ஆய்வுக்கட்டுரை, 1929-இல் லண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அப்போது அவர் கல்லூரி மாணவர்!

அந்த எலெக்ட்ரான் கணக்கைத்தான் அவர் கப்பலில் விண்மீன்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்.

8, 16, 32

எரிபொருள் தீர்ந்த விண்மீன் என்ன ஆகும்? தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும். இப்படிச் சுருங்கியவற்றுக்கு வெண்குள்ளன் என்று பெயர். சிரியஸ் விண்மீனின் துணை அத்தகையது. நிறையில் ஏறத்தாழச் சூரியன். பருமனில் ஏறத்தாழப் பூமி. அதிலிருந்து ஒரு தேக்கரண்டி எடுத்தால், பாடிச் சந்திப்பைக் கடந்து போகும் சரக்கு லாரியின் எடை இருக்கும்.

மேலும் சுருங்காமல் அதைத் தடுப்பது எது? எலெக்ட்ரான்களே. ஓர் இருக்கையில் ஒருவர்தான் உட்காரலாம் என்ற விதியை அவை மீறுவதில்லை. இடம் குறையக் குறைய, அவற்றின் உந்தம் கூடிக்கொண்டே போகும். அதனால் வெளிநோக்கிய அழுத்தம் உண்டாகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. விண்மீனின் ஆரம் பாதியானால் அதன் ஈர்ப்பு விசை 4 மடங்காகும். அதைத் தாங்கும் பரப்போ நான்கில் ஒன்றாகும். ஆகவே ஈர்ப்பின் அழுத்தம் 4 × 4 = 16 மடங்கு.

எலெக்ட்ரான்களின் பதில் என்ன? அடர்த்தி 8 மடங்கு, உந்தம் 2 மடங்கு, வேகம் 2 மடங்கு. பெருக்கினால் 32. முப்பத்திரண்டு பதினாறை வெல்லும். விண்மீன் ஓரிடத்தில் நிலைத்துவிடும். சந்திரசேகரின் வழிகாட்டியாக அமைந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலர் 1926-இலேயே கண்ட முடிவு இது.

ஆனால் கப்பலில் சந்திரசேகருக்கு ஒன்று தோன்றியது. கனத்த விண்மீனின் மையத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமே! ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி அதற்கு மேல் வேகம் கூடாது. அப்படியானால் 8 × 2 = 16 மட்டுந்தான். பதினாறுக்குப் பதினாறு! எவ்வளவு சுருங்கினாலும் எலெக்ட்ரான்களால் ஈர்ப்பை வெல்ல இயலாது. ஆகவே வெண்குள்ளனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. இன்று நாம் கொள்ளும் மதிப்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. ஆண்டர்சன், ஸ்டோனர் ஆகியோரும் அக்காலத்தில் வேறு வழியில் இத்தகைய எல்லையைக் கண்டிருந்தனர்.

கேம்பிரிட்ஜில்

இம்முடிவை அங்கே யாரும் உடனே வரவேற்கவில்லை. அவர் எழுதிய குறுங்கட்டுரை 1931-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதே ஆண்டில் தாயார் சீதாலட்சுமி சென்னையில் காலமானார். நோயுற்றிருந்த நிலையிலும் மகனைப் போய்வரச் சொன்னவர் அவர். அவரை மீண்டும் காணும் வாய்ப்பு மகனுக்குக் கிட்டவில்லை.

கோட்டிங்கனில் மாக்ஸ் பார்னிடமும், கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிலையத்திலும் பயின்று, 1933-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின் முழுக் கணக்கையும் செய்து முடித்து, 1935 ஜனவரி 11 அன்று லண்டன் வானியல் கழகத்தில் படித்தார். உடனே எழுந்தார் எடிங்டன், அக்கால வானியலின் பெரும்புள்ளி. விண்மீன் இப்படி முடிவின்றிச் சுருங்குவது அபத்தம். இயற்கை அதை அனுமதிக்காது என்று எள்ளி நகையாடினார். அவையும் சிரித்தது.

கணக்கில் பிழை எங்கே என்று எடிங்டன் காட்டவில்லை. சந்திரசேகரும் சண்டையை வளர்க்கவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கிஸ் ஆய்வகத்திற்குச் சென்றார். 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய நூலில் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிகளில் இறங்கினார். எடிங்டன் அபத்தம் என்றது பின்னர் நியூட்ரான் விண்மீன்களாகவும் கருந்துளைகளாகவும் மெய்ப்பட்டது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாணவ நண்பர்களே! கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது. நல்ல ஆசான்களையும் கடுமையான எதிர்ப்பையும் தந்தது. கேள்வியை மட்டும் அவரே இங்கிருந்து கொண்டு சென்றார். ஒரு தாளை எடுத்து அந்த 8, 16, 32 கணக்கைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். அதற்குக் கப்பல் ஏறவேண்டியதில்லை.